ஆடைக்கு மூட்டிய தீ

திருடியவனைத் தூக்கில் தொங்கவிட்ட காலம் உண்டு. மன்னனை எதிர்த்தவன் தலையை மண்ணில் உருட்டிய காலம் உண்டு. ஆணுடை அணிந்தாள் என்பதைக் காரணமாகக் காட்டி ஒரு பெண்ணைக் கம்பத்தில் கட்டிக் கொளுத்திய காலமும் உண்டா? உண்டு, தோழர்களே! 1431ஆம் ஆண்டு மே திங்கள் 30ஆம் நாள், பிரான்சு நாட்டு ரூவன் நகரில், பழைய சந்தைத் திடலில், பாதிரிமார் பார்த்திருக்க, படைவீரர் சூழ்ந்து நிற்க, பட்டப்பகலில் நடந்தது அந்தக் கொடுமை. எரிந்தவளுக்கு வயது பத்தொன்பது இருக்கும். உழவன் மகள். பெயர் ஜோன். உலகம் இன்று ஜோன் ஆப் ஆர்க் என்று அழைக்கிறது.

அவள் கதையைக் கேளாதார் குறைவு. கவசம் பூண்ட கன்னி, குதிரை ஏறிய குமரி, கோட்டையை மீட்ட வீராங்கனை என்று எங்கேனும் படித்திருப்போம். நான் சொல்ல வந்தது அவள் உடுத்திய உடையின் கதை. அந்த உடை ஒருவனுக்கு மணிமுடி வாங்கித் தந்தது. உடுத்தியவளுக்கு நெருப்பு வாங்கித் தந்தது. இரண்டும் ஒரே உடைதான்!

மியூஸ் ஆற்றங்கரையில் டோம்ரெமி என்றொரு சிற்றூர். 1412 வாக்கில் அங்கே பிறந்தாள். தகப்பன் நிலத்தை உழுது பிழைத்தவன். தாய் இசபெல், மகளுக்கு நூல் நூற்கவும் துணி தைக்கவும் கற்றுக் கொடுத்தாள். அந்த வேலையில் எந்த நகரத்துப் பெண்ணுக்கும் தான் இளைத்தவளல்ல என்று, உயிர் ஊசலாடிய நேரத்தில், வழக்குமன்றத்திலேயே பெருமையோடு சொன்னவள் ஜோன். எழுத்து அறியாதவள், துணி அறிந்தவள். இதைச் சற்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

நாடு அன்று நாதியற்றுக் கிடந்தது. 1337இல் ஆங்கில மன்னனுக்கும் பிரெஞ்சு மன்னனுக்கும் மூண்ட போர் தலைமுறைகள் கடந்தும் ஓயவில்லை. மாளிகைக்காரர்களின் பங்காளிச் சண்டை, மாண்டது குடியானவன்! 1420இல் ஓர் உடன்படிக்கை. புத்தி பேதலித்த பிரெஞ்சு மன்னன், பெற்ற மகனுக்கு உரிமை இல்லை என்று ஒதுக்கி, அரியணையை ஆங்கில மன்னனுக்கு எழுதி வைத்தான். 1422இல் இரு மன்னரும் கண்மூடினர். ஓராண்டுகூட நிரம்பாத ஆங்கிலக் குழந்தை இரு நாட்டுக்கும் அரசன் என்று அறிவிக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட மகன் சார்லஸ், கையில் காசில்லாமல், மனத்தில் துணிவில்லாமல், தெற்கே ஒரு கோட்டையில் ஒடுங்கிக் கிடந்தான். பர்கண்டிச் சீமான் ஆங்கிலேயர் பக்கம். பாரிசு நகரமும் அவர்கள் பக்கம்.

ஜோனுக்கு வயது பதின்மூன்று. தகப்பன் தோட்டத்தில் நின்றபோது புனிதர்களின் குரல் கேட்டதாகச் சொன்னாள். நாம் நம்பமாட்டோம். ஆனால் எள்ளி நகையாடுவதற்குமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டின் நிலை இது, செய்ய வேண்டியது இது என்று ஓர் உழவன் மகள் தன் அறிவால் கண்டு சொன்னால், அந்தக் காலத்தில் எந்த வாயிற்காவலன் வழிவிட்டிருப்பான்? அவளே அப்படி எண்ணியிருக்கமாட்டாள். குரல் கேட்டது என்று உண்மையாகவே நம்பினாள். குரல் எங்கிருந்து வந்திருந்தாலும், நடந்த கால்கள் அவளுடையவை.

வாகூலேர் என்ற கோட்டைக்கு 1428இல் நடந்தாள். சார்லசிடம் என்னை அனுப்பு என்று கோட்டைத் தலைவன் பௌட்ரிகோரிடம் கேட்டாள். கன்னத்தில் நான்கு அறை கொடுத்துத் தகப்பன் வீட்டில் கொண்டுபோய் விடும்படி, உடன் வந்த உறவினனிடம் சொன்னான் அவன். போனாள். 1429 தொடக்கத்தில் மறுபடியும் வந்து நின்றாள். அப்போது அவள் உடலில் இருந்தது ஏழைப் பெண்கள் அணியும் சிவப்பு அங்கி. அங்கிருந்த வீரன் ஒருவன், ழான் டி மெட்ஸ் என்பவன், இந்த உடையிலா போகப் போகிறாய் என்று கேட்டான். ஆணுடை கிடைத்தால் மகிழ்ச்சியோடு அணிவேன் என்றாள். தன் வேலைக்காரரின் உடையை எடுத்துக் கொடுத்தான். வரலாற்றையே திருப்பிய அந்தக் கோலத்தின் முதல் உடை எது பார்த்தீர்களா? பட்டல்ல, பீதாம்பரமல்ல, கூலிக்கு வேலை செய்தவனின் சட்டை!

பிறகு ஊரார் கூடிப் புத்தாடை தைத்துக் கொடுத்தனர். குதிரை வாங்கிக் கொடுத்தனர். கறுப்பு மேற்சட்டை, இடுப்போடு இறுக்கிக் கட்டிய காலுறை, சாம்பல் நிறக் குட்டை அங்கி, கறுப்புத் தொப்பி. கூந்தலையும் ஆண்களைப்போல் வட்டமாகக் கத்தரித்துக் கொண்டாள்.

இது என்ன, வேடந்தானே, கூத்தாடி போடவில்லையா என்று கேட்கத் தோன்றும். கூத்தாடி வேடம் பொழுது விடிந்தால் கலையும். மாறுவேடம் போடுகிறவன் தன்னை மறைக்கப் போடுகிறான். ஜோன் எதையும் மறைக்கவில்லை. பகைவர் நாட்டைக் கடந்த பதினொரு நாள் பயணத்தில் அந்த உடை பாதுகாப்பாக இருந்திருக்கலாம். அதற்குப்பின் நாடு முழுவதும் அறியும், அவள் பெண் என்று. கன்னி ஜோன் என்றே தன்னைச் சொல்லிக் கொண்டாள். நான் பெண், இந்த வேலைக்கு வந்திருக்கிறேன், இந்த வேலைக்கு இதுதான் உடை. வாய் திறவாமல் அந்தச் சட்டை சொன்னது அதை.

அக்கால ஐரோப்பாவில் உடை என்பது விருப்பமல்ல, சட்டம். இங்கிலாந்தில் 1363இல் ஒரு சட்டம் வந்தது. பிரபு எதை அணியலாம், அவன் மனைவி எதை அணியலாம், வணிகன் எதை அணியலாம் என்று அளந்து எழுதினர். ஏர் ஓட்டுபவனும் மாடு மேய்ப்பவனும், நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள பொருள் இல்லையென்றால், முரட்டுக் கம்பளித் துணிக்குமேல் எதையும் தொடக்கூடாது! திருவிதாங்கூரில் தோள் சீலைக்காக 1859வரை போராடியவர்களின் வழிவந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆளுக்கு ஓர் உடை என்று வகுத்தவன், ஆளுக்கு ஓர் இடம் என்றும் வகுத்துவிட்டான். உழவன் மகள் போர்வீரன் உடையில் வந்து நின்றபோது, ஒரே அடியில் இரண்டு வேலிகளைத் தாண்டினாள். பெண் என்ற வேலி ஒன்று, ஏழை என்ற வேலி மற்றொன்று.

சீனோன் கோட்டையில் சார்லசைக் கண்டாள். அவளைச் சோதிப்பதற்காக அவன் எளிய உடையில் கூட்டத்தோடு கலந்து நின்றான், அவள் நேரே வந்து அடையாளம் கண்டாள் என்று ஒரு கதை சொல்வார்கள். மெய்யோ, கட்டியதோ, சுவையான கதை. அரசன் தன் உடையை மறைத்து நிற்கிறான், உழவன் மகள் தன் உடையை மறைக்காமல் நிற்கிறாள்!

உடனே நம்பிவிடவில்லை. பொய்தியே நகருக்கு அனுப்பினார்கள். மதவாணர்கள் மூன்று வாரம் துருவித் துருவிக் கேட்டார்கள். அவளிடம் தீங்கு ஒன்றும் காணோம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆண் உடையைப் பெண் அணிவது ஆண்டவனுக்கு அருவருப்பு என்று பைபிளின் பழைய ஏற்பாட்டில் இருக்கிறதே? இருக்கிறது, அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்களின் பேரறிஞர் தாமஸ் அக்குவினாஸ் ஒரு வழியும் எழுதி வைத்திருந்தார். பகைவரிடமிருந்து தப்ப, அல்லது வேறு உடை இல்லாத நிலையில், தேவையின் பொருட்டு அணிந்தால் பாவமில்லை என்று. சார்லசுக்கு அப்போது அவள் தேவை. ஆகவே பாவமில்லை!

சார்லசின் செலவில் நூறு லிவர் பணத்தில் அவளுக்கென்று அளவெடுத்துக் கவசம் செய்தனர். வெள்ளைக் கொடி ஒன்றில் ஓவியம் தீட்டிக் கொடுத்தனர். வாளைவிட அந்தக் கொடியை நாற்பது மடங்கு நேசிப்பதாகப் பின்னர் சொன்னாள். 1429 ஏப்ரல் 29, ஆர்லியன்ஸ் நகருக்குள் நுழைந்தாள். முந்தைய அக்டோபரிலிருந்து ஆங்கிலேயர் முற்றுகையில் முடங்கிக் கிடந்த நகரம் அது. மே 7, கழுத்துக்கும் தோளுக்கும் இடையே அம்பு பாய்ந்தது. அழுதாள். ஆம், அழுதாள், மறைப்பானேன்? பிறகு காயத்தைக் கட்டிக்கொண்டு களத்துக்குத் திரும்பினாள். மறுநாள், மே 8, ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டு அகன்றனர். அவள் போர்க்கலையில் பெரிய மேதையா இல்லையா என்று அறிஞர்கள் வழக்காடட்டும். தோற்றுத் தோற்றுத் துவண்டு கிடந்தவர்கள், கவசத்தில் அவளைக் கண்டதும் எழுந்தார்கள். அது வழக்குக்கு அப்பாற்பட்டது.

ஜூலை 17, ரீம்ஸ் நகரப் பெருங்கோயிலில் சார்லஸ் முடி சூடினான். பக்கத்தில் கொடியோடு, கவசத்தோடு ஜோன் நின்றாள். எண்ணெய் பூசி முடி சூட்டியவர் ரீம்ஸ் பேராயர். பொய்தியே விசாரணைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அன்று அந்தக் கோயிலில் ஆணுடையால் யாருக்கும் அருவருப்பு ஏற்படவில்லை. மகளைப் பார்க்கக் கிராமத்திலிருந்து தகப்பனும் வந்திருந்தான். அவள் பொருட்டு டோம்ரெமி ஊருக்கு வரி விலக்களித்தான் மன்னன். நாடு பெற்றவன் திருப்பிக் கொடுத்த நன்றி ஓர் ஊரின் வரி! பிரபுக்கள் தந்ததோ துணி. இங்கிலாந்தில் கைதியாயிருந்த ஆர்லியன்ஸ் கோமகன், தன் கணக்கில் உயர்ந்த சிவப்புத் துணியில் அங்கியும் பச்சைத் துணியில் மேலாடையும் அவளுக்குத் தைத்துக் கொடுக்கச் செய்தான். நூற்கவும் தைக்கவும் தெரிந்த பெண்ணல்லவா, நல்ல துணியின் அருமை அறிவாள். மறுக்காமல் வாங்கி அணிந்தாள். உழவன் மகளுக்கு இவ்வளவு பகட்டா என்று பொருமியவர்களும் இருந்தார்கள்.

முடி கிடைத்ததும் சார்லசுக்குப் போர் கசந்தது. பேச்சுவார்த்தை இனித்தது. பாரிசைத் தாக்கினாள், தொடையில் அம்பு தைத்தது, மன்னன் படையைத் திருப்பிக் கொண்டான். 1430 மே 23, கம்பியேன் நகருக்கு வெளியே நடந்த சண்டையில் படைக்குப் பின்காவலாக நின்றாள். கோட்டைப் பாலம் தூக்கப்பட்டது, அவள் வெளியே மாட்டிக் கொண்டாள். கவசத்துக்குமேல் பொன்னிழை நெய்த மேலங்கி. வில்லாளி ஒருவன் அந்த அங்கியைப் பற்றி இழுத்துக் குதிரையிலிருந்து கீழே தள்ளினான். பரிசாக வந்த பகட்டு, பகைவனுக்குப் பிடியாயிற்று!

பிடித்தவன் லக்சம்பர்க் பிரபுவின் ஆள். அந்தப் பிரபு ஆங்கிலேயருக்கு விற்றான். விலை பத்தாயிரம் லிவர். பேரம் பேசியவர் கோஷோன் என்ற ஆயர். அவரே பின்னர் நீதிபதி! விற்பனை முடியும்வரை ஒரு கோட்டையில் அடைத்து வைத்திருந்தபோது, அந்த வீட்டுச் சீமாட்டிகள் பரிவோடு பெண்ணுடை கொண்டுவந்து கொடுத்தனர். மறுத்தாள். அவர்களிடம் அவளுக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் வேலை முடியுமுன் உடையைக் கழற்ற மனமில்லை. முடி சூடிய மன்னன் அவளை மீட்க ஒரு காசு கொடுக்கவில்லை. ஒரு படை அனுப்பவில்லை.

1431 பிப்ரவரி 21, ரூவன் கோட்டையில் விசாரணை தொடங்கியது. ஒரு பக்கம் பாரிசுப் பல்கலைக்கழகத்துப் பண்டிதர்கள், மடத்துத் தலைவர்கள், சட்டம் படித்தவர்கள், பல டசன் பேர். எதிரே எழுத்தறியாத ஒரு பெண், வழக்கறிஞர் இல்லாமல். மதக்குற்ற விசாரணைக்கு உட்பட்ட பெண்ணை மதச் சிறையில், பெண்களின் காவலில் வைப்பது முறை. அவளை வைத்ததோ ஆங்கிலப் படைவீரரின் காவலில். காலில் விலங்கு, விலங்கு பெரிய மரக்கட்டையோடு பிணைப்பு, இரவும் பகலும் அறைக்குள்ளேயே காவலர். இதை மனக்கண்ணில் நிறுத்திக்கொண்டு, பண்டிதர்கள் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். ஏன் ஆணுடை? யார் சொல்லி அணிந்தாய்? எப்போது கழற்றுவாய்?

உடை சிறிய செய்தி, மிகச் சிறிய செய்தி என்றாள். சிறிய செய்தியென்றால் விட்டுவிடலாமே என்று மடக்கினார்கள். விடவில்லை. பெண்ணுடை அணிந்தால் கோயில் வழிபாட்டுக்கு அனுமதி என்று ஆசை காட்டினார்கள். வழிபாட்டின்மேல் அவளுக்குத் தணியாத ஏக்கம். தரையில் புரளும் நீண்ட அங்கி கொடுங்கள், அணிந்து போய் வழிபட்டுத் திரும்பி மறுபடியும் இதை அணிவேன் என்று அவளே ஒரு வழியும் சொன்னாள். ஒப்பவில்லை.

இந்தப் பிடிவாதத்துக்கு என்ன காரணம்? ஒன்று, காவலர். காலுறையும் மேற்சட்டையும் கயிறுகளால் சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டவை, எளிதில் அவிழா. அந்த அறையில் அவளுக்கிருந்த ஒரே பூட்டு அந்தக் கட்டுதான். வழக்கெழுத்தரே பிற்காலத்தில் சாட்சி சொன்னார், காவலர் மேல் அவளுக்கிருந்த அச்சத்தை. அச்சம் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அவளைச் சிறுமைப்படுத்துவதாகும். நிலத்தை உழுதவன் மகளாய்ப் பிறந்தவள், நாட்டின் தலைவிதியில் கைவைத்த நாளில் அணிந்த உடை அது. அதைக் கழற்றினால், சிவப்பு அங்கியோடு வாகூலேர் வாசலில் விரட்டப்பட்ட பெண்ணாகத் திரும்புவாள். கோஷோனும் அதைத்தான் விரும்பினார். உடை கழன்றால், செய்ததெல்லாம் தவறு என்று அவளே ஒப்புக்கொண்டதாகும். தவறான வழியில் முடி பெற்ற சார்லசும் மன்னனல்லன் ஆவான். ஒரு காலுறையில் ஓர் அரசாங்கமே தொங்கிக்கொண்டிருந்தது!

மே 24, செயின்ட் ஊவான் மடத்துக் கல்லறைத் திடலில் மேடை போட்டு, கொளுத்திவிடுவோம் என்று காட்டி, ஒரு தாளை நீட்டினார்கள். மாதக்கணக்கில் விலங்கில் கிடந்த பெண், உடைந்தாள். குரல்களை மறுத்தாள், ஆணுடை இனி அணியேன் என்று கையெழுத்துக்குப் பதில் குறியிட்டாள். தலையை மழித்தார்கள், பெண்ணுடை உடுத்தினார்கள், ஆயுள் சிறை என்றார்கள். எங்கே அனுப்பினார்கள்? பெண்கள் காவலுக்கா? பழைய அறைக்கு. பழைய காவலருக்கு. பழைய விலங்குக்கு.

நான்கு நாள். மே 28 அன்று நீதிபதிகள் வந்து பார்த்தபோது, மறுபடியும் ஆணுடையில் இருந்தாள். கழற்றிய ஆணுடையை அந்த அறையிலேயே ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்களாம். பெண்ணுடையைக் காவலர் பறித்துக்கொண்டு சாக்கைக் கொட்டினர், வேறு வழியின்றி அணிந்தாள் என்று ஒரு சாட்சி. அவளைக் கெடுக்க முயன்றார்கள் என்று இன்னொரு சாட்சி. அவள் நீதிபதிகளிடம் சொன்னது வேறு. நானே விரும்பி அணிந்தேன். ஆண்கள் நடுவே இருக்கும்வரை இதுவே தக்கது. விலங்கைக் கழற்றுவோம் என்றீர்கள், கழற்றவில்லை. பெண்கள் காவலில் நல்ல சிறையில் வையுங்கள், சொன்னபடி நடக்கிறேன் என்றாள். குரல்களை மறுத்தது தவறு என்றும் சொன்னாள். அது போதாதா! திருந்தியவள் மீண்டும் வழுவினாள் என்று தீர்ப்பு. எதற்காக அந்தச் சாக்கு அந்த அறையில் கிடந்தது என்று நீதிபதிகள் கேட்கவேயில்லை.

எரிக்கும் நாளில் அவளுக்கு அணிவித்தவை அவர்கள் தேர்ந்தெடுத்தவை. நீண்ட பெண்ணங்கி. தலையில் காகிதத் தொப்பி. அதில் மதத் துரோகி, மீண்டும் வழுவியவள் என்றெல்லாம் எழுத்து. பிறர் போட்ட வேடம் அவளுக்கு அந்த ஒரு நாள்தான்! துணி எரிந்து தீர்ந்ததும் விறகை விலக்கி, அவள் பெண்தான் என்று கூட்டத்துக்குக் காட்டினார்கள் என்று அக்காலப் பாரிசு நாட்குறிப்பு ஒன்று கூறுகிறது. பிறகு மறுபடி விறகைத் தள்ளினார்கள். சாம்பலைச் செய்ன் ஆற்றில் கொட்டினார்கள்.

1449இல் ரூவன் நகரம் சார்லஸ் கைக்கு வந்தது. வழக்கேடுகளும் வந்தன. அப்போதுதான் மன்னனுக்கு நினைவு பிறந்தது. மதத் துரோகியால் முடி பெற்றவன் என்ற பெயர் அவனை உறுத்தியிருக்க வேண்டும். கிழவியாகிவிட்ட தாய் இசபெல், 1455இல் பாரிசு நோத்ர்தாம் கோயிலுக்கு வந்து மகளுக்கு நீதி கேட்டாள். நூற்றுக்கு மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். 1456 ஜூலை 7, பழைய தீர்ப்புச் செல்லாது என்றார்கள். உடை? தேவையின் பொருட்டு அணிந்தாள், பாவமில்லை என்று அக்குவினாசை மறுபடியும் எடுத்து வாதாடினர் அறிஞர். ஏடு அதே ஏடு. புரட்டிய கை வேறு. 1920இல் போப்பாண்டவர் அவளைப் புனிதையாக அறிவித்தார்.

அதற்கு முன்பே வேறு பெண்கள் அவளைத் தேடிக் கொண்டுவிட்டனர். 1909 ஏப்ரலில் லண்டன் தெருவில், முழுக் கவசம் பூண்டு வெள்ளைக் குதிரைமீது ஒருத்தி வந்தாள். எல்சி ஹௌவி என்ற அவள், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட கட்சியின் தொண்டர். சிறை மீண்ட தங்கள் தலைவியை வரவேற்க ஜோன் கோலத்தில் வந்தாள். ஆங்கிலேயர் வாங்கி எரித்தவளின் கோலத்தை, ஆங்கிலேயப் பெண், ஆங்கிலேயர் தலைநகரில், ஆங்கிலேய அரசை எதிர்க்க அணிந்தாள்!

கோலம் என்றால் கொள்ளையடிப்பவனும் வருவான். பிரான்சில் வந்தவரை வெறுக்கும் வலதுசாரிக் கூட்டமொன்று, தொழிலாளரின் நாளான மே முதல் நாளையே ஜோனுக்கு விழா என்று 1988 முதல் பல்லாண்டு ஊர்வலம் நடத்தியது. இந்த மண்ணின் மகள், எங்கள் மகள் என்று உரிமை கொண்டாடியது.

ஆர்லியன்ஸ் நகரில் ஆண்டுதோறும் மே திங்களில் விடுதலை விழா. அந்நகரில் பத்தாண்டு வாழ்ந்த பள்ளி மாணவி ஒருத்தியைத் தேர்ந்து, கவசம் பூட்டி, குதிரையேற்றி, ஜோனாக வலம்வரச் செய்வது வழக்கம். 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் தந்தை ஆப்பிரிக்கர். இனவெறியர் கொதித்தார்கள். ஜோன் வெள்ளைக்காரி, இவள் எப்படி அந்த உடை போடலாம் என்று நாக்கூசாமல் ஏசினார்கள். அரசு வழக்கறிஞர் விசாரணை தொடங்க வேண்டிய அளவுக்கு ஏச்சு. விழாக்குழுவினர் பின்வாங்கவில்லை. மே திங்கள் வந்தது. பதினேழு வயது நிரம்பிய அந்தப் பெண் கவசம் அணிந்தாள், கொடியைக் கையில் ஏந்தினாள், குதிரையேறி ஆர்லியன்ஸ் தெருக்களில் வந்தாள். தெருவின் இருமருங்கும் மக்கள் நின்றார்கள்.